ஹாட்யாய்ச் சாமி

கேட்டதும் சரி என்றானே, அங்கேதான் யோகேஸ்வரிக்கு இடித்தது. மாதம் ஒரு ஞாயிறு, "சாமியப் பாக்க ஹாட்யாய் போறேன்" என்று அவள் புருஷன் சுகுமாரன் கிளம்பிவிடுவான். மலேசியாவின் கெடாவில், சொந்த ஊரான யானிலேயே கோயில் இருக்க, எல்லை தாண்டித் தாய்லாந்தில் இவனுக்கென்ன சாமி? ஆம்பளைகள் அந்த ஊருக்கு எதற்குப் போவார்கள் என்று அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பதுதான். "நானும் வரேன்" என்று போட்டுப் பார்த்தாள். "வாயேன் லா" என்றுவிட்டான்.

குரூண் ஸ்டேஷனில் அவர்கள் ஏறிய ஈடிஎஸ் மின்சார ரயில் நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. வயல்களை யார் பார்த்தார்கள்? அவள் அவன் கைபேசியையே பார்த்தாள். அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். அவள் கழிவறைக்குப் போய்வருவதற்குள் யாருடனோ பேசி முடித்திருந்தான்.

"யாருங்க போன்ல?"

"சாமி."

"சாமி போன்ல பேசுமா? நான் என்ன கேணச்சியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினெட்டு வருடக் குடித்தனம். இருக்கிறதா போய்விட்டதா என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லையில் பாடாங் பெசாரில் பாஸ்போர்ட்டுக்குச் சாப் முத்திரை அடித்து, தாய்லாந்துப் பக்கத்து ஆமை ரயிலில் ஹாட்யாய் சேர்ந்தார்கள். துக்துக் ஆட்டோ ஒரு புத்தர் கோயிலில் போய் நின்றது. உள்ளே காவித் துணியில் ஒரு கிழட்டு பிக்கு. "தோக் சாமி" என்று சுகுமாரன் கும்பிட்டான்.

அட கடவுளே! மலாய்க்காரர்கள் பிக்குவைத் தோக் சாமி என்பார்களே, அந்தச் சாமியா! வேறு பெண் இல்லை. யோகேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "முன்னாடியே சொல்லக்கூடாதா, பைத்தியக்கார மனுசா" என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

பிக்கு அவளை மேலும் கீழும் பார்த்தார். தெளிவான கெடா மலாயில் அவனிடம் கேட்டார்: "இதுதான் உன் பெண்டாட்டியா? கூட்டி வரச் சொல்லி எத்தனை நாள் ஆச்சு! நான் மந்திரிச்ச தண்ணியக் குடுத்தியே, அந்த ஆம்பளையோட சுத்தறத விட்டுட்டாளா?"

எந்த ஆம்பளை? ஓவர்டைம் முடிந்தால் வேனில் கொண்டுவந்து விடும் காளிதாசனா? அவருக்கு அவள் அப்பா வயது. சுகுமாரன் ஆசையாய்க் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியெல்லாம் இதற்குத்தானா! அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பிக்கு ஒரு மந்திரிச்ச நூலை அவனிடம் நீட்டி, அவள் கையில் கட்டச் சொன்னார். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சொல்லும்மா, அந்த ஆம்பளைய விட்டுட்டியா?" பிக்கு அவளிடமே கேட்டார்.

"இன்னும் இல்ல, தோக்." யோகேஸ்வரி சுகுமாரனின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "இன்னிக்குத்தான் விடறேன்."

அவன் பைக்குள்ளிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.