தண்ணீர் வசதியுள்ள வீடு

"இன்னும் ஒருக்காச் சீவினால் பூட்டும்."

"இந்தக் கிழமைக்குள்ளை இது மூண்டாந்தரம். கதவு பெருக்கேல்லை. நிலைதான் சரியுது."

"மாரிக்குப் பெருக்காத கதவு ஊரிலை எந்த வீட்டிலை கிடக்கு, சொல்லும் பாப்பம்."

கமலாசனி நிலையின் சரிவை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய கணவர் நவரட்ணராஜா கதிரையில் ஏறி நின்று, சமையலறைக் கதவின் மேல்விளிம்பில் சீவுளியைத் தள்ளினார். பலாமரச் சுருள்கள் மஞ்சளாய் அவள் காலடியில் விழுந்தன. வெளியே நான்காம் நாளாக ஐப்பசி மழை. கடுகண்ணாவை மலை முழுவதும் வெள்ளைத் துணி போட்டு மூடிய பெரிய தளபாடம் போலக் கிடந்தது.

இந்த வீட்டைத் தெரிவு செய்தவள் அவள்தான். அந்த எண்ணம் நான்கு நாளாக நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்த நவரட்ணராஜாவுக்கு வாடகை வீடே போதும். சுன்னாகத்துச் சீதனக் காணியை விற்றுச் சொந்த வீடு வாங்கலாம் என்று சொன்னவளும் அவளே. வீடு வாங்க முன் பார்க்கவேண்டியவற்றை அவளைப் பெற்ற ஐயா ஒரு கடிதத்தில் ஒழுங்காக எழுதியனுப்பியிருந்தார். முதலில் தண்ணீரைக் குடித்துப் பார். தண்ணீர் நல்லதென்றால் பாதி வீடு நல்லது. பிறகு எல்லைவேலி. பிறகு அயலட்டை. அடுப்படிக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறதென்றும் பார். வாழ்நாள் முழுவதும் சமதரையில் நடந்த மனிதர் எழுதிய அந்தக் கடிதத்தில், மலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து காட்டிய கணத்தை அவள் மறக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால், இரண்டு ஆள் நீளத் தூரத்தில், மலையை வெட்டிய மண்சுவர் நெட்டுக்கு நின்றது. அதன் இடுக்கிலிருந்து ஊற்று நீர், பிளந்த கமுகமரப் பீலி வழியே ஓயாமல் ஓடிவந்து கல்தொட்டியில் விழுந்தது. துலாக் கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன கமலாசனிக்கு அது கனவில் வரும் தண்ணீராய்த் தெரிந்தது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். உப்பில்லை, சவரில்லை. மறுபேச்சில்லாமல், இதுதான் எங்கள் வீடு என்று சொல்லிவிட்டாள்.

பிறகு எவ்வளவு ஆசையோடு அடுக்கினாள். முன்னறைக்கு இரண்டு கதிரை, யன்னலுக்குப் பச்சைத் திரை, வெண்கலப் பானைகளுக்கு நீளத்தட்டு. ரயில் போகும்போது தட்டுப் பானைகள் கிணுகிணுக்கும். மூன்று வயது மகள் பவளம் கைதட்டிச் சிரிப்பாள். அடுப்புச் சூடு சுவர் வழியே வருவதால் பிள்ளையின் கட்டிலைப் பின்னறையில் போட்டாள். அந்தச் சுவரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. கரப்பான் புகாமல் கஞ்சிப் பசை தடவி அதன்மேல் பத்திரிகைத் தாள் ஒட்டி, பார்வைக்கு அழகில்லை என்று அலுமாரியையும் அதற்கு முன்னால் நகர்த்திவிட்டாள்.

முன்வீட்டு சகீனா புதுமனைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்த அன்று, முன்னறையில் உட்காராமல் நேரே பின்பக்கம் போனாள். மண்சுவரை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய வாப்பா இந்த மலையில் பாதை வெட்டியவர்.

"தங்கச்சி, எங்கட வாப்பா செல்ற ஒரு பேச்சு ஈக்கி. பீலித் தண்ணி செவந்தா கவனமா ஈக்கணும். மழ பெய்யக்கொள தண்ணி நின்டிச்சென்டா, சட்டி பானயப் பார்க்க வாணாம். புள்ளயத் தூக்கிட்டு எங்கட ஊட்டுக்கு வந்துருங்க."

நவரட்ணராஜா அன்றிரவு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மழைக்குள்ளே தண்ணீர் வற்றுமாம், மலைநாட்டுக் கணக்கே தனிக்கணக்கு என்றார். கமலாசனியும் சிரித்தாள்.

நேற்றுத் தண்ணீர் சிவந்தது. தேநீர்ச் சாயம் போல வந்து, மாலையில் குருதி போல ஓடியது. மழைக்கு மண் கரைகிறது என்று கணவர் சொன்னார். அவள் துணியில் வடித்து வைத்தாள்.

இப்போது நவரட்ணராஜா சீவுளியின் அலகைத் துடைக்க ஒருகணம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் கமலாசனி எதையோ கேட்டாள். இல்லை, கேட்கவில்லை. கூரையில் மழை இரைந்தது. தாழ்வாரத்தில் நீர் கொட்டியது. ஆனால் அவற்றுக்கு அடியில், இரவும் பகலும் இந்த வீட்டோடு மூச்சாக இருந்த அந்தக் கலகல ஒலி இல்லை.

கதிரைக்கு அருகால் நுழைந்து வெளியே போனாள். பீலியின் நுனியில் ஒரு துளி தொங்கியது. மழைத்துளி. வானம் கொட்டிக்கொண்டிருக்கிறது, மலைக்குள்ளிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியானால் நேற்றுவரை வந்த தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? மண்சுவரைப் பார்த்தாள். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்ட ஒரு பெரிய உயிர் போல, பேசாமல் நின்றது.

ஓடிப்போய்ப் பின்னறை அலுமாரியைத் தோளால் தள்ளினாள். ஒட்டிய தாள் மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. வெடிப்புக்குள் நடுவிரல் போனது. குளிர்ந்த காற்று விரலைத் தொட்டது. கட்டிலில் பவளம் வாய் திறந்தபடி பகல் தூக்கம் தூங்கினாள்.

கணவரிடம் இரண்டையும் சொன்னாள். சருகு அடைத்திருக்கும் என்று அவர் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பிவந்தபோது முழங்கால்வரை செம்மண். காய்ந்து கிடந்த ஊற்றுக்கண்ணுக்குள் ஈர்க்கு தடையில்லாமல் முழுவதும் போனதாக மெல்லச் சொன்னார். பிறகு கதிரையில் ஏறி மறுபடி சீவுளியை எடுத்தார்.

அவருடைய மனம் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டை வாங்கிய நாளே ஸ்டேஷனில் கூட வேலைசெய்யும் பொன்னையா எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "நவரட்ணராஜா வீடு வாங்கேல்லை. மலையை வாங்கி முதுகுக்குச் சாத்திக்கொண்டு படுக்கிறார்." பட்டப்பகலில், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, மழைக்குள் அயல்வீட்டுக்கு ஓடினால் நாளைக்கு அந்தச் சிரிப்பை எப்படித் தாங்குவது? அவளுக்கும் அந்த வெட்கம் இருந்தது. இத்தனையும் அடுக்கியவள் அவளல்லவா.

தட்டில் வெண்கலப் பானைகள் கிணுகிணுத்தன.

கண்டி வண்டி என்று அவள் ஆறுதலாக நினைத்தாள். நவரட்ணராஜாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கடிகாரத்தை எடுத்தது. வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாம் மனப்பாடமாய்த் தெரிந்த மனிதர். முகப்பைப் பார்த்தார். எந்த வண்டிக்கும் நேரமில்லை. காதில் வைத்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் எங்கும் இல்லை. பானைகள் இன்னும் கிணுகிணுத்தன. அவர் சீவிய கதவு விளிம்பை விட்டு நிலை மெதுவாக, யாரும் தொடாமலே, ஒரு விரல் அகலம் விலகியது.

கமலாசனி பின்னறைக்குப் போய்ப் பிள்ளையைப் போர்வையோடு வாரித் தோளில் சாத்திக்கொண்டாள். முன்கதவைத் திறந்தாள். பாதைக்கு அப்பால் சகீனாவின் வாசல் மழைக்குள் மங்கலாய்த் தெரிந்தது. நவரட்ணராஜா கதிரையை விட்டு இறங்கவில்லை. கடிகாரமும் சீவுளியும் இரண்டு கையிலும் இருந்தன.

"இஞ்சேருங்கோ," என்றாள். "கதவு பூட்டாமலே கிடக்கட்டும். சீவுளியை வைச்சிட்டு இறங்குங்கோ. எங்களோடை வாங்கோ."