உடம்பு லேசான அந்த மதியம்

தெருவில் எல்லோருக்கும் அவன் ‘பல்செட்டு’தான். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவன் தொழில். மெழுகில் ஈறு வார்ப்பான், அதில் பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பான், மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிக்கும்போது எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து ராவுவான். ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவன் தன் பல்லைத் தானே தேய்த்துத் தின்றுகொண்டிருக்கிறான் என்பது வெகுநாள் அவனுக்கே தெரியவில்லை. தூக்கத்தில் அப்படி நறநறவென்று கடிப்பானாம். மனைவி சொன்னபோது நம்பவில்லை. கடைவாய்ப்பல் ஒன்று விண்டு கையில் வந்தபிறகுதான் நம்பினான்.

“உன் தாடையைத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு,” என்றார் அவன் வேலை செய்து கொடுக்கும் பல் டாக்டர். “பல்லுக்கு உறை போட்டுத் தரேன். ஆனா வியாதி பல்லுல இல்ல. மாடியில பிசியோதெரபி அம்மா இருக்காங்க இல்ல, அவங்களைப் போய்ப் பாரு.”

அந்த அம்மா அவனைத் தரையில் விரித்த பாயில் படுக்க வைத்தார். கால்விரலை இறுக்கச் சொன்னார், விடச் சொன்னார். கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள் என்று மேலே ஏறி, கடைசியில் தாடைக்கு வந்தார். “மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாம இருக்கட்டும். நாக்கு சும்மா கிடக்கட்டும். மூச்சு தானா வந்து தானா போகட்டும்.” கேட்க ஒன்றுமில்லாத சங்கதியாகத்தான் இருந்தது. செய்யப் போனால் தோளை விட்டால் கை இறுகியது, கையை விட்டால் நெற்றி சுருங்கியது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும் பழைய மெத்தை மாதிரி இருந்தது அவன் உடம்பு.

“வீட்டுல தினமும் பண்ணுங்க,” என்று தன் குரலையே அவன் ஃபோனில் பதிந்து கொடுத்தார் அந்த அம்மா. “வெளியில சத்தம் வரும். வரட்டும். அது பின்னாலயே போகாதீங்க. வந்த வழியே போயிடும்.”

வெளியில் வரும் சத்தம் என்றால் அவனுக்கு ஒன்றுதான். மாமனார்.

மாமியார் போனபிறகு மாமனார் அவர்களோடு வந்து தங்கிவிட்டார். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்லியே காலம் கழித்தவர். மைக்கை விட்டு வந்தும் தொண்டை மைக்கை விடவில்லை. டிவி ரிமோட் காணாமல் போனால், “மாப்பிள்ளையின் அன்பான கவனத்துக்கு!” என்பார். கண்ணாடி, செய்தித்தாள், காபி ஆறிப்போனது, பக்கத்து வீட்டுப் பூனை சுவரேறியது, எல்லாவற்றுக்கும் ஓர் அறிவிப்பு. அவர் மகள், இவன் மனைவி, வீட்டில் இருக்கும்போது சிரித்துவிட்டுப் போவாள். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள், காலையில் போனால் கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் வருவாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவன் இவன். ஆகவே அறிவிப்பெல்லாம் இவன் கவனத்துக்கே.

சாப்பாட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் உள்ளறையில் படுத்துப் பயிற்சி செய்யப் பழகினான். வயிறு வரைக்கும் தளர்த்திக்கொண்டு வருவான், “மாப்பிள்ளையின் அன்பான கவனத்துக்கு” என்று கூடத்திலிருந்து வரும். எழுந்து போய்ப் பார்த்தால், “ஒண்ணுமில்ல, இந்த சீரியல்ல வர்ற ஆளு செத்துப் போயிட்டான்னு நினைச்சேன், உயிரோட இருக்கான்!” திரும்ப வந்து படுத்தால் தாடை முன்னைவிட இறுகியிருக்கும். மனசை அமைதிப்படுத்தப் போய் மாமனாரை மனசுக்குள் வைது கொண்டிருப்பதே வழக்கமாகிப் போனது. மாடி அம்மாவிடம் சொன்னான். “கூப்பிட்டா உடனே ஓடணுமா என்ன? முடிச்சுட்டு வரேன்னு முன்கூட்டியே சொல்லிவைங்க,” என்றார் அவர். நியாயமான யோசனைதான். ஆனால் மாமனாரிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மனசுக்குள் மட்டும் முடிவு செய்துகொண்டான். இனி எழுந்து போவதில்லை.

அன்று மதியம் படுத்தவுடனே உடம்பு பேச்சைக் கேட்டது. கால் கனத்து, பிறகு கனமே இல்லாமல் ஆனது. தோள் பாயில் கரைந்து இறங்கியது. அப்போதுதான், “மாப்பிள்ளை,” என்று ஒரு குரல். சத்தமாகக் கூட இல்லை. ‘அன்பான கவனம்’ இல்லை. வரட்டும், போகட்டும் என்று விட்டான். கொஞ்சம் கழித்து மறுபடி, “மாப்பிள்ளை… கொஞ்சம் வாங்களேன்.” அவனுக்குள் எரிச்சல் ஒரு பொறி தட்டியது. கண்ணைத் திறக்காமல் காலை நீட்டி, ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளிச் சாத்தினான். தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்தது. அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

பிறகு வந்தது அவன் வாழ்நாளில் அறியாத ஒன்று. தாடை தானாகத் திறந்துகொண்டது. நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. மூச்சு எங்கேயோ தூரத்தில் யாரோ விடுவதுபோல வந்து போனது. எவர் மேலும் கோபமில்லை, எதுவும் வேண்டியதில்லை. ஃபோனில் குரல் முடிந்தும் எழ மனமில்லாமல் கிடந்தான். எழுந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது. பாவம், மனிதர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், இன்று போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. சிரித்த முகத்தோடுதான் கூடத்துக்கு வந்தான்.

நாற்காலி காலியாக இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

குளியலறைத் தரையில் மாமனார் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. கால்சட்டை நனைந்திருந்தது, தண்ணீரால் மட்டுமில்லை. கன்னம் தரையில் பதிந்திருக்க, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா மாப்பிள்ளை,” என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது, இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். மனைவி பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் வேன் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரமா கிடந்தாரு? நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?”

“உள்ள பயிற்சியில இருந்தேன்,” என்றான். “காதுல எதுவும் விழல.”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமனார் மகள் கையைப் பிடித்துக்கொண்டார். “அவர் மேல தப்பில்லம்மா. நான் கூப்பிடவே இல்ல. விழுந்த அதிர்ச்சியில குரலே எழும்பல.”

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டாரா, இல்லை தெரிந்தேதான் சொல்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை. எதுவானாலும் அந்த நேரத்தில் அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் பின்னால் அதிகம் கூசிப்போனான்.

ஆஸ்பத்திரியில் மாமனாருக்கு எல்லாம் அவனே செய்தான். உடம்பு துடைத்தான், பெட்பேன் வைத்தான், எடுத்தான், கழுவினான். பட்டறையில் பாதிப் பல்செட்டுகள் வாய் திறந்தபடி காத்துக் கிடந்தன. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவன் காதுபடவே சொன்னாள்: “பெத்த பிள்ளைங்க கூட இப்படிப் பாக்காது. மருமகன் தங்கம்!” அவனுக்கு முகம் தீய்ந்தது. பெட்பேனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனான். கழிவறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் கை கழுவக் கற்றுக்கொண்டான்.

விழுந்ததையும் கூப்பிட்டதையும் விட, ஒன்றுதான் அவனைத் தின்றது. தன் வாழ்க்கையிலேயே மிக நிம்மதியாக இருந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அவன் அந்த மதியத்தைத்தான் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் தன் மூத்திரத்தில் கிடக்க, இந்தப் பக்கம் இவன் எல்லா உயிர்கள் மேலும் அன்பாக இருந்திருக்கிறான்.

பயிற்சி நின்றுபோனது. படுத்தால் கால்விரல் கூடத் தளரவில்லை. மாடி அம்மா எதிர்ப்பட்டு, “எப்படிப் போகுது?” என்றபோது, “நல்லா போகுதும்மா,” என்று சொல்லிப் படியில் விழுந்தடித்து இறங்கினான். பல்லுக்குப் போட்ட உறையையும் கடித்து நசுக்கிவிட்டான்.

மாமனாரை வீட்டுக்குக் கூட்டிவந்தபிறகு, நடைபழகும் ஸ்டாண்டைப் பிடித்துக் கூடத்தில் நடக்க வைக்கும் வேலையும் அவனுடையதானது. இரண்டு எட்டு வைப்பார், பயத்தில் உடம்பு விறைத்துவிடும். “தோளை விடுங்க மாமா, மூச்சை விடுங்க,” என்று அவன் வாய் பழக்கத்தில் சொன்னது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவரை நாற்காலியில் உட்கார வைத்தான். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தான். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மாமா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

மாமனார் ஸ்டாண்டின் ரப்பர் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “தெரியும்,” என்றார். “தாழ்ப்பாள் விழுற சத்தம் கேட்டுச்சே.”

அவனுக்குத் தரையோடு தரையாகப் போய்விடலாம் போல இருந்தது. “அப்புறம் ஏன் அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“அவ அத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டணும். இதையும் மண்டையில ஏத்திக்கிட்டா ஓட்டச் சொல்றீங்க?” ஸ்டாண்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். “எனக்கும் அசிங்கமா இருந்துச்சு மாப்பிள்ளை. பூனைக்கும் கூப்பிட்டேன், ரிமோட்டுக்கும் கூப்பிட்டேன். அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டா நீங்க வருவீங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணல.”

“என்னை மன்னிச்சிடுங்க மாமா.”

“கோபம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க,” என்றார் மாமனார். “இருக்கு. நிறைய இருக்கு. நீங்க கழுவி விடுறப்ப எல்லாம் அது வருது. ஆனா கழுவறதும் நீங்கதானே, என்ன பண்ணச் சொல்றீங்க!”

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார். ஆனால் அவரையும் தன் பொய்க்குத் துணை சேர்த்துக்கொண்டு அந்த வீட்டில் சாப்பிட அவனால் முடியவில்லை. விடுமுறை நாளில் அவள் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சக்கரத்தில் தண்ணீர் அடிப்பதை நிறுத்தவில்லை.

“கதவைச் சாத்தினீங்களா?”

“ஆமா.”

“கையாலயா, காலாலயா?”

இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று இந்த நேரத்திலும் ஒரு கணம் மனம் தடுமாறியது.

“காலால.”

அவள் குழாயை மூடினாள். ஈரக்கையோடு வேனுக்குள் ஏறி, பிள்ளைகள் உட்காரும் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் வாசலில் நின்றுகொண்டே இருந்தான். தெருவில் போன யாரோ, “என்ன பல்செட்டு, வெயில் காயறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். மருந்து கொடுத்தாச்சா, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அவன் ஏதாவது பேச வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். அது சரிதான் என்று அவனுக்கே தோன்றியது. மாமனார் கூடத்தைத் தாண்டி வாசல் வரை நடக்கத் தொடங்கினார். இப்போதெல்லாம் அவர் அறிவிப்பு எதுவும் செய்வதில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஒருகாலத்தில் அவன் இதைத்தான் கேட்டான்.

ஒரு மாலை, மாமனார் பக்கத்து வீட்டுக்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். மனைவி உள்ளறைக்கு வந்தாள். அப்பாவைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்ததில் அவளுக்குக் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, வண்டியைத் திருப்பவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்துப் படுத்தாள்.

“அந்த அம்மா சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொல்லுங்க,” என்றாள் கூரையைப் பார்த்துக்கொண்டே. “ஃபோன்ல வேண்டாம். நீங்களே சொல்லுங்க.”

“நான் சொன்னா சரியா வருமா?”

“கழுத்து வலிக்குது. வேற யாரையும் தேடிப் போக எனக்கு நேரமில்ல.”

தலைமாட்டில் உட்கார்ந்தான். கால்விரலை இறுக்கச் சொன்னான், விடச் சொன்னான். தன் குரல் தனக்கே கூச்சமாக இருந்தது. எந்த வாயால் இதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு வரிக்கும் தோன்றியது. கெண்டைக்கால், தொடை, வயிறு. வாசலில் மாமனார் எதற்கோ மெல்லச் சிரிப்பது கேட்டது. தோளுக்கு வந்தபோது அவள் மூச்சு நீண்டு சீராகியிருந்தது. தாடைக்கு வருமுன்பே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பல்லும் பல்லும் தொடவில்லை.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் தாடை மட்டும் கல்லாக இருந்தது. எழுந்து போனால் விழித்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. விழித்துக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவாள் என்பதும் தெரிந்திருந்தது. அறையில் வெளிச்சம் மங்கும்வரை அவள் கழுத்தில் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.