விலா எலும்பு ரெண்டு

1

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கடிதமோ கதையோ, ஆள் யார், எங்கே இருந்தார் என்று குறித்துக்கொள்ளாமல் எனக்குப் பேனா ஓடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பிரம்பால் பழக்கிய பழக்கம்.

இடம்: ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இருதய நோயாளிகளை வைக்கிற அறை. 1988, சித்திரை மாதம், மத்தியானம்.

சின்னக்கருப்பன், மில்லில் ஃபிட்டர்: கட்டிலில். மாரடைப்பு வந்த மறுநாள். நெஞ்சில் ஒயர்.

சண்முகத்தாய், அவர் சம்சாரம், என் அக்கா: கதவுக்கு உள்பக்கம், தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவில் முதுகு சாய்த்துத் தரையில்.

பரிபூரணம், நர்ஸ்: தலைமாட்டில் முக்காலியில். கண் மெஷினில் ஓடுகிற பச்சைக் கோட்டில்.

மொக்கைச்சாமி, சின்னக்கருப்பனின் அண்ணன், வத்திராயிருப்பில் தோப்பும் வயலும் உள்ளவர்: கதவுக்கு வெளியே, வராந்தாவில் இருந்த ஒரே நாற்காலியில். அவர் சம்சாரம் பெத்தம்மாளும், வேனில் கூட வந்த சொந்தங்களும்: அவரைச் சுற்றி நின்றபடி. தரையில் ஒரு குலை இளநீர்.

நான்: வராந்தா ஜன்னல் ஓரம், வெந்நீர் பிளாஸ்க்கோடு. ஜன்னலுக்குத் திரை கிடையாது. இது முக்கியம்.

இனி, இந்தக் கதை பிறந்த கதை. இப்போது 1996. போன மாதம் மொக்கைச்சாமியின் மகன் பொன்னுராஜிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது:

‘மாமா, அப்பாவுக்கு மணிவிழா. மலர் போடுகிறோம். சித்தப்பாவை அப்பா பிழைக்க வைத்ததைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுத வேண்டும். குடும்பத்தில் எழுத வருவது உங்களுக்குத்தான். தலைப்பு நாங்களே வைத்துவிட்டோம்: அண்ணன் தொட்டார், தம்பி எழுந்தான். பின்குறிப்பு: அன்று கதவை அடைத்ததற்காகச் சித்தி மேடையில் அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார்கள். சித்தப்பா சம்மதித்துவிட்டார். உங்கள் கட்டுரையை வாசித்து முடித்ததும் அது நடந்தால் பொருத்தமாக இருக்கும்.’

பொருத்தம்! அந்தச் சொல்லை வாசித்ததும் எனக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. இதை எழுதுகிற கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். அச்சில் உங்களுக்குத் தெரியாது. அதனால் சொல்லி வைக்கிறேன்.

2

முதல் வரைவு:

‘ரத்த பாசத்துக்கு முன்னால் மருந்து மாத்திரை எம்மாத்திரம்! கதவை அடைத்தவர்கள் நாண, அண்ணனின் கை பட்டதும் தம்பியின்

(இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும். முடித்து வைக்க எனக்கு மனசில்லை.)

ஆனால் குடும்பம் சொல்கிற கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது இதுதான். தம்பி சாகக் கிடந்தான். தம்பி பெண்டாட்டி அண்ணனை உள்ளே விடாமல் கதவை அடைத்தாள். அண்ணன் எப்படியோ உள்ளே போனார். தம்பியை அள்ளி நெஞ்சோடு கட்டிக்கொண்டார். நின்றுபோன மூச்சு திரும்பி வந்தது. “அண்ணே” என்று கண் விழித்தான் தம்பி.

சாட்சி வேண்டுமா? இருக்கிறது. வத்திராயிருப்பு வீட்டு பீரோவில் ஒரு எக்ஸ்ரே படம் இருக்கிறது. வருகிறவர்களுக்கு பெத்தம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். “இந்தா, இங்கனயும் இங்கனயும் கீறல் தெரியுதா? அவிய கட்டிப்பிடிச்ச பிடியில விலா எலும்பு ரெண்டு வெடிச்சுப் போச்சு. அம்புட்டுப் பாசம்!”*

*அடிக்குறிப்பு: எலும்பு ஒடிந்தது உண்மை. கீறல் இருக்கிற இடமும் உண்மை. மற்றதற்கு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

3

இரண்டாம் வரைவு.

சண்முகத்தாயிடம் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ஆள் அசையக் கூடாது, பேசக் கூடாது, யாரும் பார்க்க வரக் கூடாது, ஒன்றுக்குப் போவதுகூடப் படுத்த வாக்கில்தான். இதோடு அவளாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். யார் வந்தாலும் அண்ணன் வரக் கூடாது.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. மூத்தவர் முன்னால் இளையவர்கள் உட்கார மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் அண்ணன் நுழைந்தால் சின்னக்கருப்பன் சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். ஒரு தடவை டைபாய்டில் கிடந்தவர், வாசலில் அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கை கால் அசையாமல் கிடக்க வேண்டிய மனுசன் முன்னால் அந்தச் செருப்பு வந்து நின்றால் என்ன ஆகும்? இதற்கு டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

“ஏத்தா, கதவத் தெற.”

“டாக்டரு யாரையும் விடக் கூடாதுன்னுட்டாரு, பெரியத்தான்.”

“டாக்டரு என்ன, எங்க ஆத்தா வயித்துலயா பொறந்தான்?”

வராந்தாவில் சிரிப்பு.

“செத்த நேரம் பாத்துட்டுப் போயிருதேன். இம்புட்டுப் பேரு வேன் புடிச்சு வந்திருக்கோம்லா.”

“வேன் வெளியதான நிக்கி. அப்படியே ஏறித் திரும்பிருங்க.”

சிரிப்பு நின்றது. பெத்தம்மாள் குரல் மட்டும் கேட்டது. “ஏட்டி, ஊரு ஒலகத்துல இல்லாத புருசன வச்சிருக்கா பாரு! பூட்டி வச்சு அடைகாக்கா!”

சண்முகத்தாய் கதவில் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். கட்டிலில் அவருக்குத் தூக்க மருந்து. எதுவும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

அவள் காவல் காத்த கதவு வழியாக யாரும் வரவில்லை. மலம், மூத்திரப் பீங்கான் எடுத்துப் போகிற பக்கக் கதவு ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி மேனேஜரும் மொக்கைச்சாமியும் ஒரே கட்சி. சாவி திரும்பியது. செருப்புச் சத்தம் கேட்டது.

சின்னக்கருப்பன் கண் திறந்தார். அண்ணனைப் பார்த்தார். கை வேட்டியைத் தேடியது. கால்களைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கினார்.

“எந்திரிக்காதீங்க அண்ணாச்சி!” பரிபூரணம் பாய்ந்தாள்.

மொக்கைச்சாமி பக்கக் கதவு வாசலில் நின்றார். ‘படுலே’ என்று ஒரு சொல் போதும். தம்பி அவர் சொல்லைத் தட்டியதே இல்லை. சொல்லியிருந்தால் படுத்திருப்பார். அவர் சொல்லவில்லை. தம்பி எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்தார், எப்போதும் காத்திருப்பது போல.

(நான் ஜன்னலில் நின்றவன். சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. இந்த ஒரு வரியை மட்டும் யார் கேட்டாலும் மாற்ற மாட்டேன்.)

சின்னக்கருப்பன் நின்றார். பிறகு விழுந்தார். பச்சைக் கோடு கிறுக்கலாக ஓடியது.

அவரைக் கட்டிலில் தூக்கிப் போட்டது சண்முகத்தாயும் பரிபூரணமும். பரிபூரணம் கட்டில் மேல் ஏறி முட்டி போட்டு, இரண்டு கையையும் சேர்த்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். விட்டு விட்டு, விட்டு விட்டு. முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சண்முகத்தாய் அலறினாள்.

“ஒடஞ்சா ஒடையட்டும்க்கா, ஒட்டிக்கிடும்! டாக்டரக் கூப்பிடுங்க!” கையை நிறுத்தாமல் கத்தினாள் பரிபூரணம்.

சண்முகத்தாய் தாழ்ப்பாளைத் திறந்து கத்தினாள். டாக்டர் ஓடி வந்தார். ஷாக் கொடுக்கிற மெஷினை உருட்டி வந்தார்கள். உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. கோடு அடங்கவில்லை. பரிபூரணம் மறுபடி ஏறினாள். இன்னொரு ஷாக். அப்புறம் கோடு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது.

வெகுநேரம் கழித்து அவர் கண் விழித்தார். நர்ஸின் தோளுக்கு மேலே, சுவரோரம், அண்ணன் தெரிந்தார்.

“அண்ணே.”

“வந்துட்டேம்லே,” என்று மொக்கைச்சாமி விம்மினார். கிட்டே வந்து அப்போதுதான் தம்பியின் நெற்றியைத் தொட்டார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மொக்கைச்சாமியை நான் எழுதியிருப்பது சரிதானா?

அந்த விம்மல் நடிப்பில்லை. இதே தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஓடையில் தண்ணீர் வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். கெட்டவராக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். வாசகர்களே, உங்களுக்கும் சுலபம், திட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். அவர் கெட்டவர் இல்லை. மரியாதை வாங்கியே பழகினவர். ஒரு நாள், ஒரே ஒரு மத்தியானம், அது கிடைக்காமல் நிற்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் அதற்குக்கூட இல்லை. எட்டு வருசமாக அந்த மத்தியானத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொண்டு அலைகிறார் பாருங்கள், அதற்குத்தான்.

சரி, அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை? அவளையும் நான் சந்தேகப்பட்டேன். கேட்டதற்கு ஒரே பதில்தான். டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னாராம்: “மனசு அதிர்ற மாதிரி எதுவும் இவர்கிட்டச் சொல்லக் கூடாது.” கண் விழித்தவர் கேட்ட முதல் கதை அண்ணன் சொன்ன கதை. அவருக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. ‘உங்கண்ணன் உங்களச் சாகடிக்கப் பாத்தாரு’ என்று அவள் எந்த வேளைச் சோற்றோடு சொல்வாள்? உப்பைக் குறைத்தாள், எண்ணெயைக் குறைத்தாள், இதையும் குறைத்தாள். அவரோ, குழம்பில் உப்பில்லை என்று கோபம் வரும்போதெல்லாம், “எங்கண்ணனையே வெளிய நிறுத்துனவதான நீ” என்பார். அவள் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

5

இரண்டாம் வரைவை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். மச்சான் மில்லுக்குப் போயிருந்தார். இப்போது அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. அக்கா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆள் பட்டியலிலிருந்து தொடங்கி முழுக்க வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தாம்ல எழுதியிருக்கே. நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்கு. இத அவிய நெஞ்சுல அடிக்கவா எழுதுன?”

“உண்மைக்கா இது.”

“நான் பொய்யின்னா சொன்னேன்?”

மூன்று முடிவுகளைச் சொன்னேன். ஒன்று, அவர்கள் கேட்டபடியே எழுதுவது. மேடையில் அவள் விழுவாள், படம் பிடிப்பார்கள். இரண்டு, நான் எழுதியதை அப்படியே அனுப்புவது. பொன்னுராஜ் அச்சுப் போட மாட்டான். ஆனால் மச்சான் கைக்கு அது எப்படியும் போகும். அப்புறம் அந்த நெஞ்சு? மூன்று, எதுவும் எழுதாமல் உடம்பு சரியில்லை என்று

“மூணாவது ஆம்பளயாளுக முடிவு,” என்று வெட்டினாள். “வேண்டாம்.”

“எனக்குக் கோவம் தாங்கலக்கா.”

“ஒனக்கா? சோத்தோட சேத்துக் கோவத்த முழுங்குனவ நானு. நீ பந்தி முடியப்போற நேரத்துல எல போடச் சொல்லுத!” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். அன்றைக்கு அந்த அறையில் கேட்ட அதே சத்தம்.

“கால்ல விழுறதா நீ, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“புருசன் உசிரோட இருக்கணும்னு கதவடச்சேன். அதுக்கு மன்னிப்பா? அதக் கேட்டா, அன்னைக்கு அவிய செத்திருக்கலாம்னு நானே சொன்ன மாதிரில்லா ஆகும்?”

அதைத் தாளின் ஓரத்தில் அப்படியே குறித்துக்கொண்டேன்.

“மொதல்ல என்னமோ வாசிச்சியே, யாரு யாரு எங்கன இருந்தாகன்னு?”

“அது சும்மா தொடக்கத்துக்குக்கா.”

“அது போதும். அவிய விழுந்து, பொறவு கண்ணு முழிச்சாகல்லா, அந்த நேரத்துக்கு இன்னொண்ணு எழுது. யாரையும் ஏச வேண்டாம். இருந்த எடத்தச் சொன்னா அது ஏச்சா?”

6

மூன்றாம் வரைவு, சண்முகத்தாய் சொல்லச் சொல்ல:

‘சின்னக்கருப்பன் விழுந்ததிலிருந்து கண் விழிக்கும்வரை இருந்தவர்களும், இருந்த இடமும்.

பரிபூரணம், நர்ஸ்: கட்டில் மேல், முட்டி போட்டு, இரண்டு கையும் அவர் நெஞ்சில். விலா எலும்பு ஒடிந்தது அந்தக் கைக்குக் கீழே.

டாக்டர்: கட்டிலுக்கு இடப்பக்கம், மெஷினோடு.

மொக்கைச்சாமி: பக்கக் கதவை ஒட்டிய மூலை, சுவரோரம். பிறகு வந்து நெற்றியைத் தொட்டார்.

சொந்தங்கள்: வராந்தாவில்.

சண்முகத்தாய்: அவர் கால்மாட்டில், பாதங்களைப் பிடித்துக்கொண்டு.

குறிப்பு: சண்முகத்தாய் மணிவிழாவுக்கு வருவாள். காலில் விழ மாட்டாள்.’

“தலைப்பு?” என்றேன்.

“அவனுக வச்சதே இருக்கட்டும். யாரு தொட்டான்னு படிக்கிறவன் பாத்துக்கிடுவான்.”

“மச்சான் படிச்சா?”

“இங்கன படிக்கட்டும், மண்டபத்துல வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் காப்பியக் குடுத்துட்டு, இன்னொரு பிரதிய நானே கையில குடுக்கப்போறேன். படிச்சு முடியிறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.” முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரைகள். எட்டு வருசமாக அங்கேதான் இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

வாசகர்களே, நான் அந்தச் சாயங்காலத்துக்கு அங்கே இருக்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்கு அவளே என்னை விரட்டிவிட்டாள். இருந்திருந்தால் எழுதியிருப்பேன். சின்னக்கருப்பன் அந்தத் தாளைப் படித்துவிட்டு என்ன செய்தார் என்பதை, உங்கள் வீட்டில் யார் வந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று யோசித்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இதுவரைதான். பொன்னுராஜுக்கான கவரில் பசை காய்ந்திருந்தது. அக்கா பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டினாள். என்னிடம் கொடுக்கவில்லை. தெருமுனைத் தபால் பெட்டிவரை அவளே நடந்தாள். போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று வாய்க்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். விழுந்துவிட்டது.