கொக்கின் அலாரம்

என் கொழுந்தனுக்கு எங்கள் தீயணைப்பு நிலையத்தில் கொக்கு என்று பெயர். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் இல்லை. ஐயா நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார். நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிடுவான், அதனால் வந்தது.

தீக்குள் போகிற எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஓர் அலாரம் தொங்கும். ஆள் அரை நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் கீச் கீச்சென்று எச்சரிக்கும். அப்போதே உடம்பை ஆட்டினால் அடங்கிவிடும். ஆட்டாவிட்டால் காது கிழிய அலறும், பட்டனை அமுக்கினால்தான் நிற்கும். நாமே அலறவைக்க வேண்டுமென்றாலும் அதே பட்டன்தான். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியே தெரிய வேண்டுமே, அதற்காக வைத்தது. ஆனால் முற்றத்தில் நின்று பாடம் கேட்கும்போதும் டீ குடிக்கும்போதும் யாராவது ஒருவர் நெஞ்சில் அது கீச்சிட்டுக்கொண்டேதான் இருக்கும். உடனே நாலு பேர் "ஆட்டு, ஆட்டு" என்பார்கள். அந்த ஆள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார். கொக்குக்கு அதுவும் வராது. எதையோ யோசித்துக்கொண்டு நிற்பான். அலாரம் ஊரைக் கூட்டிய பிறகு சாவகாசமாகப் பட்டனைத் தேடுவான்.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் நான். அன்று என் மாமியார் சண்டை போடவில்லை, அழவில்லை. "நீ கூட்டிட்டுப் போற. நீயே தினமும் பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அன்றிலிருந்து அவன் ஹெல்மெட் பட்டையைச் சரியாகக் கட்டினானா, சிலிண்டரைப் பார்த்தானா என்று அவன் பின்னாலேயே திட்டிக்கொண்டு திரிவது என் இரண்டாவது வேலையாகிவிட்டது.

அன்று மீட்புப் பயிற்சி. பழைய கன்டெய்னர்களை ஒட்டவைத்துக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்குள் மெஷினால் புகையை அடைத்திருந்தார்கள். இடிந்து விழுந்த கூரை மாதிரி பலகைகளும், மேலிருந்து தொங்கும் வயர்களும் உள்ளே உண்டு. ஜோடி ஜோடியாகப் போய், ஆள் கனத்தில் இருக்கும் பொம்மையை இழுத்துக்கொண்டு வர வேண்டும். கொக்குக்கு ஜோடி வாத்தி. முன்பு டியூஷன் எடுத்தவன், எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்வான். நானும் வண்டி ஓட்டுநர் அண்ணனும் வாசலில் முழு உடுப்போடு காத்திருக்க வேண்டும். உள்ளே போனவர்களுக்கு ஏதாவது ஆனால் போக வேண்டிய ஜோடி நாங்கள். பயிற்சியில் அந்த ஜோடியை யாரும் கூப்பிட்டதே கிடையாது. வெயிலில் வெந்துகொண்டு சும்மா நிற்பதுதான் எங்கள் பாடம்.

வாத்தி பொம்மையை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வெளியே வந்தான்.

"கொக்கு எங்கடா?" என்றார் பயிற்சியாளர்.

"பின்னாடிதான் சார் வந்துட்டிருந்தான்."

அவன் சொல்லி முடிக்கவும் உள்ளே அலாரம் அலறவும் சரியாக இருந்தது. முற்றமே சிரித்தது.

"நின்னுட்டான்யா" என்றார் ஒருவர்.

பயிற்சியாளருக்கே சிரிப்பு தாங்கவில்லை. வாக்கிடாக்கியில், "கொக்கு, யோசிச்சது போதும், பட்டனை அமுக்கு" என்றார். அலாரம் அலறிக்கொண்டே இருந்தது.

"தேடிட்டிருப்பான் சார்" என்று வாத்தி விளக்கம் சொன்னான்.

எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை பேர் முன்னால் குடும்ப மானத்தை வாங்குகிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. "சார், நான் போய் அவன் காதைத் திருகி இழுத்துட்டு வரேன்" என்றேன்.

"விடும்மா, தானா வருவான்."

"அவன் வர்றதுக்குள்ள நம்ம காது செவிடாயிடும்."

முகமூடியை மாட்டிக்கொண்டு நுழைந்தேன். "உங்க வீட்டுச் சண்டைக்கு நான் எதுக்கும்மா" என்று முனகிக்கொண்டே ஓட்டுநர் அண்ணனும் வந்தார்.

உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை. அலாரம் வந்த பக்கமாகத் தவழ்ந்தேன். சோம்பேறி, தூங்குமூஞ்சி, இன்னைக்கு அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்றேன் என்று முகமூடிக்குள்ளேயே அர்ச்சனை செய்துகொண்டு போனேன். கையில் ஒரு பூட்ஸ் தட்டுப்பட்டது. அதன் நுனி தரையைப் பார்த்திருந்தது.

பூட்ஸைப் பிடித்துக்கொண்டு மேலே தடவினேன்.

கொக்கு குப்புறக் கிடந்தான். தொங்கிய வயர்கள் அவன் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டிருந்தன. அதோடு, விழக் கூடாத ஒரு பலகை சரிந்து, முன்னால் நீட்டியிருந்த இரண்டு கைகளையும் தரையோடு அழுத்தியிருந்தது. டார்ச்சை அவன் காற்று அளவைக் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் பிடித்தேன். முள் சிவப்பின் அடியில் கிடந்தது. முகமூடிக்கு வெளியே இருப்பது விஷப்புகை இல்லைதான். ஆனால் காற்று தீர்ந்த முகமூடியைக் கழற்ற ஒரு கை வேண்டுமே, அது அவனுக்கு இல்லை.

"சார், இது நிஜம். புகையை நிறுத்துங்க, எல்லாரும் வாங்க" என்று ஓட்டுநர் அண்ணன் வாக்கிடாக்கியில் கத்தினார். கத்திக்கொண்டே பலகைக்குத் தோள் கொடுத்தார். நான் கட்டரை எடுத்து வயர்களை வெட்டினேன். எது வயர், எது காற்றுக் குழாய் என்று விரலால் தடவித் தடவி வெட்ட வேண்டியிருந்தது. அவனைப் புரட்டினேன். மூச்சுக்கு இழுத்த இழுப்பில் முகமூடி அவன் முகத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுத்தேன்.

இருமினான். அந்த இருமலைக் கேட்டதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே கொண்டுவந்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். தோளில் ரத்தம் கட்டியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார் முதலுதவி நர்ஸ். வாத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் வந்து கொக்கின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தப்பு என்னோடது. இனிமே அலாரம் அடிச்சா, டீ குடிக்கிறவனோடதா இருந்தாலும் ஒரு ஆள் கிட்ட போய்ப் பாக்கணும்" என்றார்.

எல்லோரும் கொஞ்சம் விலகிய பிறகு கொக்கு மெதுவாகச் சொன்னான்.

"முதல்ல வயரை உதறிப் பாத்தேன் அண்ணி. நான் உதற உதற அலாரம் கீச்சுனு வந்து வந்து அடங்கிடுச்சு. பட்டனும் எட்டல, வாக்கிடாக்கியும் எட்டல. அப்புறம்தான் புரிஞ்சது, நான் ஆடுற வரைக்கும் அது கத்தாது. அசையாம படுத்துட்டேன்."

"காத்து தீந்துட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

"நீதானேன்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு உனக்குத் தோணலையாடா?"

"சிரிச்சது வாக்கிடாக்கில கேட்டுச்சு."

"அப்புறம் என்ன நம்பிக்கையில கிடந்த?"

"நீங்க திட்டறதுக்காவது வருவீங்கன்னு தெரியும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காமல் கையுறையால் துடைத்தேன், முகம் முழுக்க அழுக்கானதுதான் மிச்சம். அன்று வீடு போய்ச் சேரும்வரை அவனைத் திட்டினேன். பட்டையிலிருந்து பலகைவரை ஒன்றையும் விடவில்லை. அவன் பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, அத்தனைக்கும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தான்.