விரல் 1

போன் ரிப்பேர் கடையில் வேறு யாருமில்லாத நேரம் பார்த்துத்தான் அவள் வந்தாள். மணி ஒன்றாகப் போகிறது. முதலியார்பேட்டை மெயின்ரோட்டில் பாதிக் கடைகள் மதிய அடைப்புக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. தாஜுதீனும் சோல்டரிங் மிஷினை அணைத்துவிட்டுக் கிளம்பத்தான் இருந்தார். எதிர்வரிசை மாடியில் இருக்கும் பியூட்டி பார்லரில் வேலை செய்கிற பெண் என்று முகம் தெரியும். பெயர் தெரியாது.

"பாய், இது என் விரல எடுக்கவே மாட்டேங்குது" என்று போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

திரைக்கு அடியில் சென்சார் வைத்த மாடல். இந்த மாதிரிப் போன்களோடு வருகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். போனின் முதுகில் சென்சார் இருந்த காலத்தில் இவ்வளவு புகார் கிடையாது. கண்ணாடிக்கு அடியிலிருந்து பார்க்கிற சென்சாருக்கு விரலில் ஈரம் இருந்தாலும் ஆகாது, வறண்டிருந்தாலும் ஆகாது. மேலே தடித்த ஸ்க்ரீன் கார்டு ஒட்டியிருந்தால் பாதி நாள் குருடு. அவளைக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். போன் ஒருமுறை அதிர்ந்து மறுத்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் வழவழவென்று வெளுத்திருந்தன. சுட்டுவிரலில் குறுக்காக மெல்லிய வெட்டுக் கோடுகள்.

"புருவம் எடுக்குற த்ரெட்டிங் நூலு" என்றாள் அவள். "அப்புறம் ஸ்ட்ரெயிட்னிங் க்ரீம், டை. கிளவுஸ் போட்டா முடி வழுக்கும். சிம் வாங்கப் போனப்பவும் மிஷின் ரேகைய எடுக்கல பாய்."

"பழைய போன்ல எடுத்துச்சா?"

"அதுல சென்சார் பின்னாடி இருந்துச்சு. அதுலயும் நாலு தடவ வெச்சா ஒரு தடவ எடுக்கும். இது கல்யாண நாளுக்கு அவரு வாங்கிக் குடுத்தது. முன்னாடியே இருக்கு, உனக்கு ஈசின்னாரு."

கார்டை உரித்து, கண்ணாடியைத் துடைத்து, மெல்லிய கார்டு ஒன்றை ஒட்டினார். அவள் பின் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். பதிந்த விரல்களின் பட்டியலில் மூன்று இருந்தன. பதிந்த விரலைச் சென்சாரில் வைத்தால் பட்டியலில் அதன் பெயர் ஒருமுறை மினுங்கும். அவள் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதாவது மினுங்கின. 'விரல் 1' மட்டும் அசையவே இல்லை.

"இது உங்க விரல் இல்லையேம்மா."

அவள் தெருவைப் பார்த்தாள். "அவரோடது. வாங்கின அன்னிக்கே மொதல்ல அவரு விரலத்தான் பதிஞ்சாரு. போன் டேபிள்மேல கெடக்கும். கையில எடுக்கக்கூட வேணாம், போற போக்குல ஒரு விரல வெச்சிட்டுப் படிப்பாரு. என் தங்கச்சி கவிநிலாவுக்கு நான் எழுதுறத சாப்பிடும்போது எனக்கே திருப்பிச் சொல்றாரு. இடுப்பு வலின்னு எழுதினா, 'ஏன், இங்க உன்ன மூட்டையா தூக்கச் சொல்றாங்க'ன்னு. திட்ட மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு." திரையில் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினாள். "பின் நம்பர நான் மாத்திட்டேன் பாய். இத எப்படி எடுக்கிறதுன்னுதான் தெரியல."

தாஜுதீன் அழித்தார். இரண்டு தடவை விரல் தட்டியதோடு சரி. பிறகு அவளுடைய பழைய இரண்டையும் அழித்துவிட்டு, நூல் படாத விரலாகத் தேடி, இடது கை மோதிர விரலைப் பதிய வைத்தார். ஒரே விரலை இரண்டு தடவை பதிந்தார். அது பழகிய தந்திரம். இப்போது வைத்தவுடன் திறந்தது. மூடினாள், திறந்தாள். ஐந்தாறு தடவை செய்துபார்த்தாள். போகும்போது சிரித்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து இறங்கினாள். ஓட்டி வந்தவர் இளம்பரிதி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அந்த அலுவலகத்தில் யாருடைய போன் உடைந்தாலும் தாஜுதீனிடம் கொண்டுவந்து சேர்ப்பவர். அவர் மனைவி இவள்தான் என்று தாஜுதீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாய், நல்லா இருக்கீங்களா" என்றார் இளம்பரிதி. எப்போதும்போல மெல்லிய குரல். "சிந்துஜா போன ரிப்பேருக்குக் குடுத்தேன்னு சொன்னா. அதுக்கப்புறம் இவ விரல எடுக்குது, என்னோடத எடுக்கல. அது என்ன சென்சாரு, ஆள் பாத்து வேல செய்யுது?"

கடையில் இரண்டு பேர் டெம்பர் கிளாஸுக்காகக் காத்திருந்தார்கள். சிந்துஜா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாஜுதீன் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார்.

"ஸ்க்ரீன் கார்டு மாத்தினேன் சார். மாத்தினா பழைய விரல் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா பதியணும். அதுல உங்களுதும் போயிடுச்சு."

"அதானே பாத்தேன்." அவர் முகம் தெளிந்தது. "அப்ப என்னோடதையும் பதிஞ்சிருக்கலாம்ல?"

"நீங்க வரலையே சார்."

"இப்ப வந்துட்டேன்."

அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவளைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தைத் தாஜுதீன் பார்த்தார். இது அவங்க போன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாய்வரை வந்தது. காத்திருந்த இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்லூரிக்காரர்கள் நாளையிலிருந்து வேறு கடை தேடுவார்கள். வீட்டுக்குப் போனதும் இவளுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தார். அந்தக் கடைசி காரணம் வந்ததும் மனம் லேசானது. அதையே பிடித்துக்கொண்டார்.

"நம்பர் போடும்மா" என்றார்.

சிந்துஜா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். போனை வாங்கி மெதுவாக அழுத்தினாள். இளம்பரிதி திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய கட்டைவிரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விரல் தடையில்லாமல் பதிந்தது. எடுத்து வைக்கச் சொன்ன ஒவ்வொரு தடவையும் போன் ஏற்றுக்கொண்டது. "நல்ல ரேகை சார்" என்று தாஜுதீன் சொல்லிவிட்டார். வாடிக்கையாளரிடம் எப்போதும் சொல்கிற வார்த்தை. சொன்ன பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

"இவ விரல்தான் தேஞ்சுபோச்சு" என்றார் இளம்பரிதி. "ஆமா, இவளுக்கு எந்த விரல வெச்சீங்க?"

தாஜுதீன் பதில் சொல்வதற்குள் அவளே இடது கையை மேசைமேல் வைத்துக் காட்டினாள்.

அன்று வீட்டில் மனைவி ஜீனத்துன்னிசா பரிமாறிய மீனை அவர் பாதியிலேயே தள்ளி வைத்தார். என்ன என்று கேட்டாள். கடையில ஒரு போனு என்றார். கை கழுவ எழுந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் சிந்துஜா பார்லர் படியேறுவதைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் பேப்பர் தோசை வாங்கிக்கொண்டு அவர் கடை வாசலையே கடந்து போனாள். "என்னம்மா" என்றார். காதில் விழாதவள்போல் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம். ஷட்டரை இறக்கிக் குனிந்து பூட்டப்போன தாஜுதீன், அவள் எதிர்வரிசையில் சார்ஜரும் இயர்போனும் விற்கிற சின்னக் கடையில் நிற்பதைப் பார்த்தார். பட்டன் போன் ஒன்றை வாங்கினாள். பெட்டியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டாள். பார்லர் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்து, உறையிலிருந்து ஒரு சிம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போனின் பின்மூடியைக் கழற்றப் பார்த்தாள்.

அது வரவில்லை. நகத்தால் நெம்பினாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி இடுக்கில் விட்டாள். அந்த மாடலில் நெம்பக் கூடாது. நடுவில் கட்டைவிரலை வைத்துக் கீழே தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நான்கு எட்டு வைத்தால் ரோட்டைக் கடந்துவிடலாம்.

அப்போது அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு படியிலேயே உடம்பைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஹேர்பின் பிளாஸ்டிக்கில் கீறும்போது அவளுடைய வலது தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தாஜுதீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.