ஒண்ணை ஐஸ்ல வைப்பா

அப்பாவின் வலையில் விழுந்தவை இரண்டு. ஒன்று ஐஸ் பெட்டிக்குப் போனது. இன்னொன்று அம்மாவின் வெட்டுப்பலகைக்கு வந்தது.

நவம்பர் மாதம், வியாழக்கிழமை காலை. மாவட்ட மீன் ஆய்வு நிலையத்தில் சயோரி ஒரு கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கிழித்து, அது கடைசியாக எதைத் தின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசி அதிர்ந்தது. அப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். ரப்பர் கையுறை போட்ட கை, அதில் முழங்கை நீளத்துக்குத் தட்டையாக ஒரு மீன். உடம்பெல்லாம் நீலக் கிறுக்கல்கள், நடுநடுவே கறுப்புப் பொட்டுகள். வால் விளக்குமாறு போல விரிந்து கிடந்தது. படத்துக்குக் கீழே ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தார்:

"என்ன மீனு இது? ரெண்டு கெடந்துச்சு. கிளாத்தி சாடையா இருக்கு. ஏலத்துல வேண்டாங்குறானுவ."

சயோரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். கிளாத்தி இனம்தான், ஆனால் தெற்கே, பவளப்பாறைக் கடலில் திரிகிற கிளாத்தி. வெந்நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போகும் என்று படித்திருக்கிறாள். குரோசே ஊர்க் கடலில், ஜனவரி பிறந்தால் படகுமேல் பனி விழுகிற இந்தக் கடலில், இதுவரை யாரும் கண்டதில்லை. கையைத் துடைக்கக்கூட நிற்காமல் பதில் போட்டாள்:

"அப்பா!!! நம்ம கடல்ல இதுதான் முதல் தடவை! ஒண்ணை ஐஸ்ல வைப்பா. சனிக்கிழமை வர்றேன்!!"

ஒன்றை. ஆய்வுக்கு ஒன்று போதும். அந்த இன்னொன்று என்ன ஆகும் என்று அவள் நினைக்கவில்லை.

நினைத்திருக்க வேண்டும். அவள் அந்த வீட்டில் பிறந்தவள். கடலில் நிலையாகக் கட்டிவைத்த நிலைவலையில் விழுகிற மீனில் ஏலம் போவது போக, பெயர் தெரியாதது, உருக்குலைந்தது, வியாபாரி சீந்தாதது எல்லாம் வலை இழுத்தவர்கள் வீட்டுக்குக் கறிக்கூறாகப் போகும். விலை இல்லாத மீன்தான் அவர்கள் சட்டியில் வேகும். அந்த மீனைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள். அந்த மீனைத் தின்றுதான் அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனாள். மீனைப் பற்றிப் படிக்க.

நவம்பர் கிளாத்தி என்றால் குரோசேயில் யாருக்கும் சதை பெரிதில்லை. ஈரல்தான். அந்த மாதத்தில் ஈரல் கொழுத்து வெண்ணெய்க் கட்டி மாதிரி இருக்கும். அதைப் பச்சையாகவே சோயா சாஸில் மசித்து, மெல்லிசாகச் சீவிய மீனை அதில் புரட்டித் தின்பார்கள். இதுவும் சயோரிக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். மூன்று வருஷம் முன்னால் நிலையத்திலிருந்து கரையோர ஊர்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போனது. தெற்குக் கடல் மீன்கள் சில வடக்கே வரக்கூடும், இன்னின்ன மீன்களில் எச்சரிக்கை வேண்டும் என்று. பட்டியலில் இரண்டாவதாக இருந்தது இதே மீன். அதன் கீழே இருந்த வாக்கியம் இது: 'இவ்வினத்தின் உள்ளுறுப்புகளில் நச்சுப்பொருள் செறிந்திருக்கக்கூடும் என்பதால், உட்கொள்வதைத் தவிர்ப்பது விரும்பத்தக்கது.'

எழுதியது சயோரிதான். வேலைக்குச் சேர்ந்த புதிது. நிலையத் தலைவர் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அன்றைக்கு அதற்காகப் பெருமைப்பட்டாள். தின்னாதே என்று எழுதியிருந்தால் போதும். அப்படி எழுதக் கூடாது என்பதற்குத்தான் நான்கு வருஷம் படித்திருந்தாள்.

சனிக்கிழமை வெள்ளைத் தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்சில் வந்தாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு தொமி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள்.

"அடியே, உனக்குச் சொல்லலியா? நேத்து மத்தியானமே உங்கப்பனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கையத் தூக்க முடியல மனுஷனுக்கு."

ஆஸ்பத்திரியில் அப்பா மல்லாந்து கிடந்தார். இவளைப் பார்த்ததும் முகம் மட்டும் அசைந்தது.

"வந்துட்டியா? மீனு பத்திரமா இருக்கு. தெனம் ஐஸ் மாத்தச் சொல்லி நம்ம படகு கென்சோகிட்ட சொல்லியிருக்கேன்."

"மீனு கெடக்கட்டும்ப்பா. என்ன பண்ணுது?"

"ஈர வலையை முறுக்கிப் பிழிவோம்ல? அந்த மாதிரி ஒடம்பைப் பிழியுது. வயசாயிப்போச்சு, வேறென்ன."

கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் சோயா சாஸ் நிறத்தில் இருந்தது. டாக்டர் உள்ளே வந்து, இரண்டு நாளில் என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோறு. முள்ளங்கிச் சாறு. வியாழக்கிழமை மட்டும் கிளாத்தி.

"ஈரலோடயா?"

"ஈரலோடதான். நாந்தான் மசிச்சுக் குடுத்தேன்."

அம்மா சொல்லி முடிக்கும் முன்பே சயோரிக்குப் புரிந்துவிட்டது. நச்சின் பெயரை டாக்டருக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். மாற்று மருந்து கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். தசை கரைந்து கரைந்து சிறுநீரகத்தை அடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை அப்பா போய்விட்டார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பெயர் ஃபுமியே, மலையூர்க்காரி. கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்து முப்பத்தெட்டு வருஷமாகியும் பச்சை ஈரல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. மசித்துக் கொடுப்பாள், வாயில் வைக்க மாட்டாள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சாவு வீட்டிலேயே, ஊதுபத்தி வரிசையில் நின்றபடியே பேசினார்கள்.

"மலைக்காரிக்கு எந்த ஈரலைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாதுன்னு என்ன தெரியும்?"

"தான் மட்டும் தொடல பாரு. கெட்டிக்காரி."

சயோரியின் காதில் விழுந்தது. அம்மா காதிலும் விழுந்தது. அம்மா வந்தவர்களுக்கெல்லாம் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சயோரிக்கு அத்தனை பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கி என்ன சொல்வது? சட்டைப் பையில் கைபேசி கல்லாகக் கனத்தது.

ஐஸ் பெட்டியில் இருந்த மீன் நிலையத்துக்குப் போனது. ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, பிடித்தவர் என்ற இடத்தில் கத்சுமி என்று அப்பாவின் பெயரை எழுதினார்கள். "உங்கப்பா பேரு நிரந்தரமா இருக்கும், சயோரி" என்றார் தலைவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாயைக் கையால் பொத்தி அழுதாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு ஜனவரியில் வந்தது. பிக்கு ஓதிவிட்டுப் போனபின் உறவும் வலைக்காரர்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே படகில் வலை இழுத்த கென்சோ இரண்டு கிண்ணம் சாராயம் குடித்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"கத்சுமி மாதிரி ஒரு ஆளு உண்டா? நீ என்ன தங்கச்சி, இத்தனை வருஷம் கடக்கரையில குப்பை கொட்டியும் ஒரு ஈரலைப் பார்த்துச் சொல்லத் தெரியலியே உனக்கு?"

ஃபுமியே நெற்றி பாயில் படக் குனிந்தாள். "என் தப்புதாண்ணே. மன்னிச்சுக்குங்க."

சயோரி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

எல்லோரும் போனபின் பிற்பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா அடுப்படியில் கிண்ணங்களைக் கழுவினாள். சயோரி கைபேசியை எடுத்து, அந்தப் படத்தையும் தன் பதிலையும் காட்டினாள்.

"இதைப் படிம்மா."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே வந்து காட்டுனாரு. செருப்பைக்கூடக் கழட்டல. ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. 'எத்தனை ஆச்சரியக்குறி போட்டிருக்கா பாருடி, எம்பொண்ணு சந்தோஷத்தைப் பாரு'ன்னாரு. அந்தச் சந்தோஷத்துல இன்னொரு கிண்ணம் சாராயம் கேட்டுக் குடிச்சாரு."

"அப்ப ஏம்மா வாயைத் தொறக்கல? ஊரே உன்னைக் காறித் துப்புது. இன்னிக்குக்கூடத் தரையில விழுந்து மன்னிப்புக் கேக்குற!"

"கத்தாதே. எனக்கு என்ன? கடைக்குப் போறேன், வர்றேன். அதுக்கு மேல எனக்கு எங்க போகணும்? நீ அந்த ஆபீசுல உக்காந்து மீனுக்குப் பேரு சொல்லிச் சம்பாதிக்கிறவ. பெத்த அப்பன் கேட்டும் சொல்லலன்னு ஊர் பேசுனா உன் பொழப்பு என்னாகுறது?" கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நீ என்ன வேணும்னா செஞ்ச? புது மீனு. உனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டியா."

ஆமாம்மா என்று ஒரு சொல் போதும். அம்மாவே கதவைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் காலம் முழுக்க யாரும் கேட்கப்போவதில்லை.

"தெரியும்மா."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மீன்ல விஷம் இருக்குன்னு தெரியும். மூணு வருஷம் முன்னாடி நோட்டீஸ் எழுதுனதே நாந்தான். படத்தைப் பார்த்தப்ப அது ஞாபகம் வரல. முதல் தடவை, முதல் தடவைன்னு அதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு."

அம்மா குழாயை மூடினாள். ஈரக்கையோடு இவளைப் பார்த்தாள், முதல்முறை பார்ப்பவள் போல.

"அவரு என்ன மீனுன்னு கேட்டாரு."

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"ஆமா."

கையைத் துடைக்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. துடைத்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு மொத பஸ்சு எத்தனை மணிக்கு?"

"எட்டே காலுக்கு."

"அதுல போயிடு."

காலையில் சயோரி எழுந்தபோது அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போய்ட்டு வர்றேன் என்றதற்குப் பதில் வரவில்லை.

பஸ்சுக்கு முன்னால் சயோரி போன மீன் இறக்கும் கொட்டகையில் வலைக்காரர்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் கடல் ஏறி இறங்கும் நேரம் காட்டும் ஓத அட்டவணை, அதன் மேல் போன வருஷக் காலண்டர். இரண்டையும் தூக்கினாள். அடியில் அவளுடைய சுற்றறிக்கை, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதைக் கிழித்தெடுத்துத் திருப்பி, பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதுகிற தடித்த மைப்பேனாவால் பின்பக்கத்தில் எழுதினாள். மீன் படத்தையும் போட்டாள். காலண்டருக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி குத்தினாள்.

கென்சோ கையுறையைக் கழற்றாமலே வந்து வாய்விட்டுப் படித்தார்.

"இந்த மீனைத் தின்னாதே. ஈரலைத் தொடாதே. கத்சுமி இதைத் தின்றுதான் செத்தார். தின்பதற்கு முன்னால் படம் அனுப்பி என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அம்மா மேல் தப்பில்லை. மகள் சயோரி."

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"உன்னைப் பத்தி எழுதுனதை மட்டும் கிழிச்சிடு கண்ணு" என்றார் கென்சோ மெதுவாக. "மீனைப் பத்தி எழுதுனது போதும். ஊர் பேசும்."

"பேசட்டும் மாமா. ஒன்றரை மாசமா பேசுனீங்களே, ஆளை மாத்திப் பேசுங்க."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். கிழிக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து படித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மீனுக்குத் திரும்பினார்கள்.

மலைச்சரிவில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து வீடு தெரியும். ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. சுவரோரம் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் இன்னும் கவிழ்த்தபடி நின்றது, மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பனி.

கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அவள் ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பைக்குள் இரண்டு சோற்றுருண்டை வைத்துவிடுவாள். சாவு முடிந்து திரும்பிய அன்றுகூட வைத்திருந்தாள். சயோரி பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். துணிகளை விலக்கி, அடிவரை பார்த்தாள்.

இல்லை.