பத்தில் மூன்று

காரமடையில் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிறவர் அழகிரிசாமி ஒருவர்தான். அவருடைய கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு. டிவியில் மாட்டினால்தான் முகம் காட்டும். ஆன்டெனா ஓட்டை வழியே வருகிற படம் என்பதால் திரை முழுக்கப் புள்ளிமழை. பிரின்டரும் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுப்பார். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே என்று ஊரும் தலையாட்டியது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஆவணியில், அந்தப் பெட்டி டிவி ரிப்பேர் செய்யும் கோமளாவின் மேசைக்கு வந்தது. அதன் மேல் அவளுக்குத் தீராத கோபம். அவளுக்கும் தொண்டாமுத்தூர் கதிர்வேலுக்கும் பத்தில் மூன்றுதான் பொருத்தம் என்று தை மாதம் சொன்னது அதுதான். இரண்டு முறை வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போன கதிர்வேல் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனாலும் கோபத்தை வேலையில் காட்டுகிறவள் அல்ல கோமளா.

ஜோசியர் பெட்டியோடு கொண்டுவந்திருந்த புது டிவியில் வீடியோவுக்கென்று தனி ஓட்டை இருந்தது. பெட்டிக்குள் படத்தை ஆன்டெனாவுக்கு மாற்றித்தரும் தகர டப்பாவை ஒதுக்கிவிட்டு, ஒரு கண்டென்சர் வழியே நேராக ஒயர் இழுத்தால் படம் தெளியும். அதற்கு நூறு மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் வேண்டும். கடையில் இருந்ததோ செத்த டிவியில் கழற்றிய இருநூற்று இருபது. வேறு அளவு போட்டால் ஜாதகக் கணக்கு தப்பாதா என்று அழகிரிசாமி பதறினார். அளவு கூடினால் பாதகமில்லை, வோல்ட்டு குறையாமல், ப்ளஸ் மைனஸ் கால் மாறாமல் பற்றவைத்தால் போதும், படம் வரும் வழிதான் மாறும், கணக்கு மாறாது என்றாள்.

அவள் பற்றவைத்து முடித்ததும், ஜாதகக் கணக்கைப் பெட்டிக்குள் ஏற்றும் கேசட் ஐந்து நிமிடம் கீச்சிட்டு ஓய்ந்தது. எழுத்துகள் பளிச்சென்று நின்றன. ஏதாவது ஒரு ஜோடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் ஜோசியர். கோமளாவுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஜோடிதான்.

பொருத்தம் எட்டு என்று வந்தது.

"பாத்தீங்களா அம்மணி, அந்தக் கண்டென்சர்தான் கணக்கைக் கெடுத்துப்போடுச்சு" என்றார் அவர்.

கோமளா ஒயரைப் பழையபடி தகர டப்பாவுக்கே மாற்றினாள். புள்ளிமழை திரும்பியது. எட்டின் இடது பக்கம் அதில் கரைந்து, மூன்று நின்றது.

அழகிரிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு ஏமாத்திப்போடுச்சு கண்ணு. நாளைக்கே தொண்டாமுத்தூர் போயி நானே சொல்லிப்போட்டு வாரேன்."

கோமளாவுக்கு அழுகை முட்டியது. எட்டு மாதமாகத் தன் நட்சத்திரத்தையே நொந்துகொண்டிருந்தவள் அவள்.

"வேண்டாமுங்க" என்றாள். "மூணுன்னதும் வராம நின்னவரு, எட்டுன்னா வந்துருவாருங்க. அப்படி வர்றவரு எனக்கு வேண்டாமுங்க. நீங்க மூணுன்னு எழுதிக் குடுத்த மத்த ஊட்டுக்கெல்லாம் போயிச் சொல்லுங்க."

அழகிரிசாமி பையிலிருந்து, எழுதிக் கொடுத்த பொருத்தங்களைக் குறித்துவைக்கும் நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே நான்கு மூன்றுகள் இருந்தன.